ஒன்றரை ஆண்டுப் புட்டியும் இரண்டு நாள் புட்டியும்

போன வாரம் அலமாரி மூலையிலிருந்து, அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் கலந்து வைத்த ஒரு புட்டியை எடுத்தேன். மூடியைத் திறந்து 1 மில்லி திரவத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி, பனிக்கட்டி மிதக்கும் நீரில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் (அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) சேர்த்து, காரம் நிரப்பிய பியூரெட்டைத் திறந்தேன். 5.9 மில்லியில் இளஞ்சிவப்பு வந்து நின்றது. இன்னொரு முறை செய்தேன். அப்போதும் 5.9தான். அந்தப் புட்டியை நான் கலந்து வைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதே கலவையில் பத்துச் சொட்டு கந்தக அமிலம் விட்ட இன்னொரு புட்டி இரண்டே நாளில் 5.8க்கு வந்து நின்றிருந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த மகிழ்ச்சியில்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

வினையூக்கி வினையின் வேகத்தை மாற்றும், சமநிலையை, அதாவது வினை வந்து நிற்கும் இடத்தை, மாற்றாது. பள்ளியில் இந்த வரியை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் அது எனக்கு ஒருநாளும் ஒட்டவில்லை. முன்னோக்கு வினையை வேகப்படுத்துகிற பொருள், விளைபொருளைக் கொஞ்சமாவது கூட்டித்தானே ஆகவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதை என் கையாலேயே அளந்து பார்த்துவிடுவது என்று தொடங்கினேன். எடுத்துக்கொண்டது பழைய, எளிய வினை: அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் (ஆல்கஹால்) சேர்ந்து எத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரும் நீரும் ஆவது. 1862இல் பெர்த்லோவும் பெயான் தெ சேன்-ழீலும் இதைத்தான் அளந்தார்கள். ஒரு மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு) அமிலத்துக்கு ஒரு மோல் ஆல்கஹால் எடுத்தால், மூன்றில் இரண்டு பங்கு எஸ்டர் ஆனதும் வினை நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். கலவையில் மிச்சம் இருக்கும் அமிலத்தைக் காரத்தால் தரம்பார்த்தாலே, அதாவது அதைத் தீர்க்க எத்தனை மில்லி காரம் போகிறது என்று அளந்தாலே போதும், வினை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். விலைமிக்க கருவி எதுவும் வேண்டாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கருவிகள் இவ்வளவுதான். 0.1 மில்லி கோடு போட்ட 50 மில்லி பியூரெட், 1 மில்லி பிப்பெட், 5 மில்லி பிப்பெட், பிப்பெட் ரப்பர்க் குமிழ், கூம்புக் குடுவைகள் நான்கு, தேய்த்த கண்ணாடி மூடி போட்ட 100 மில்லி புட்டிகள், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பமானி. கண்ணாடியும் கையுறையும் போடாமல் ஒருநாள்கூட உட்காரவில்லை. அடர் அசிட்டிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும், அடர் கந்தக அமிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எத்தனால், எஸ்டர் இரண்டும் சட்டென்று தீப்பற்றும் என்பதால் திறந்த தீயை அறைக்குள்ளேயே விடவில்லை.

முதல் வேலை காரக் கரைசல். லிட்டருக்கு 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு எடுத்துக் கரைத்துவிட்டு 0.5 மோலார் (லிட்டருக்கு அரை மோல்) என்று சீட்டு ஒட்டினேன். அது சரியில்லை. அந்த வெள்ளைக் குண்டுமணிகள் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுக்கும். ஆக்சாலிக் அமிலத்தைத் துல்லியமாக நிறுத்து 0.25 மோலார் கரைசல் செய்து சரிபார்த்தபோது, 10 மில்லிக்கு 10 மில்லி காரம் போதும் என்ற இடத்தில் 10.4 மில்லி போனது. அதாவது என் கரைசல் 0.48 மோலார்தான். இன்னும் கொஞ்சம் ஹைட்ராக்சைடு சேர்த்து, மூன்று முறை சரிபார்த்து 0.50க்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும்.

கலவை: அடர் அசிட்டிக் அமிலம் 30.0 கிராம், நீரற்ற எத்தனால் 23.0 கிராம். இரண்டுமே அரை மோல். கன அளவில் 28.6 மில்லியும் 29.2 மில்லியும். பிப்பெட்டில் அளப்பதைவிடப் புட்டியைத் தராசில் வைத்து ஊற்றுவதே எளிது. வினை தொடங்குவதற்கு முன் இந்தக் கலவையில் 1 மில்லி எடுத்தால் 17.3 மில்லி காரம் போகவேண்டும் என்று கணக்கு. எனக்கு 17.2 வந்தது. மூன்றில் இரண்டு பங்கு எஸ்டர் ஆனபின் 5.8க்குக் கிட்டத்தட்ட வரவேண்டும்.

இப்போது முதல் தவறு. வினையூக்கியாக அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லி ஊற்றினேன். ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். அளவு 8.2இல் நின்றது, அதற்குமேல் அசையவில்லை. ஊக்கியின் சொந்த அமிலத்துக்கு 1.9 மில்லியைக் கழித்தால் மிச்சம் 6.3. ஊக்கி சேர்ந்து கன அளவு கூடியதால் இந்தப் புட்டியின் தொடக்க அளவு 15.9. அதில் 6.3 என்றால் ஏறக்குறைய 40 விழுக்காடு அமிலம் அப்படியே இருக்கிறது, எஸ்டர் 60 விழுக்காடுதான். எதிர்பார்த்தது 67. வினையூக்கி சமநிலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்துத்தான் புட்டியின் சீட்டை ஒழுங்காகப் படித்தேன். 37 விழுக்காடு என்று இருந்தது. அதாவது நான் ஊற்றிய 5.9 கிராமில் 2.2 கிராம்தான் ஹைட்ரஜன் குளோரைடு, மீதி 3.7 கிராம் வெறும் நீர். நீர் இந்த வினையின் விளைபொருள்! ஊக்கி என்ற பெயரில் 0.2 மோல் விளைபொருளை நானே முதலில் கொட்டியிருக்கிறேன். அந்த நீரையும் கணக்கில் சேர்த்து, சமநிலை மாறிலி (நின்ற இடத்தில் எஸ்டரையும் நீரையும் பெருக்கி, அமிலத்தையும் ஆல்கஹாலையும் பெருக்கியதால் வகுத்தால் வரும் எண்) 4 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 61 விழுக்காடு வந்தது. என் அளவும் அதேதான். சமநிலையை நகர்த்தியது ஊக்கி அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நீர். மாறிலி தன் இடத்தில் அப்படியே இருந்தது.

அப்புறம் கந்தக அமிலத்துக்கு மாறினேன். 98 விழுக்காடு அடர்வு, நீர் மிகக் குறைவு. அரை மில்லி, ஏறக்குறைய பத்துச் சொட்டு. கலவையைப் பனிநீரில் குளிர வைத்து, ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டேன். இந்த அமிலம் 1 மில்லி மாதிரியில் 0.6 மில்லி காரத்தைத் தன் பங்குக்குச் சாப்பிடும். அதைக் கழிப்பதற்கு முந்தைய அளவுகள்: ஒரு மணி நேரத்தில் 13.0, ஆறு மணி நேரத்தில் 7.9, ஒரு நாளில் 6.5, இரண்டாம் நாள் 6.4, மூன்றாம் நாளும் 6.4. கழித்தால் 5.8. மூன்றில் ஒரு பங்கு அமிலம் மிச்சம், மூன்றில் இரண்டு பங்கு எஸ்டர். மாறிலி 3.9 வந்தது.

இந்த எண்கள் ஒழுங்காக வருவதற்கு முன் தரம்பார்க்கும் இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைச் செய்கிற எல்லோரும் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். வழக்கமான பயிற்சியில் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே அது நிற்காது. எஸ்டரும் குடுவைக்குள்தான் இருக்கிறது. ஒரு சொட்டுக் காரம் கூடுதலாகிவிட்டால் அது எஸ்டரைப் பிளக்கத் தொடங்கும். புதிதாக அமிலம் வரும், நிறம் மங்கும். நான் நிறம் மங்க மங்கக் காரத்தை விட்டுக்கொண்டே போனேன். 6.4 வரவேண்டிய இடத்தில் ஒருமுறை 6.9 வந்தது, அடுத்த முறை 7.3. இதற்கு வழி மூன்று. நீர் நிறையவும் நன்றாகக் குளிர்ந்தும் இருக்கவேண்டும். நான் 50 மில்லி பனிநீர் வைத்தேன். கடைசி அரை மில்லியை நிதானமாக, ஆனால் நின்று நின்று தாமதிக்காமல் விடவேண்டும். முதல் முறையாக நிறம் முழுக் குடுவையிலும் பரவிப் பத்து நொடி நின்றால் அதுதான் முடிவு, அதற்குமேல் பார்க்கக்கூடாது. இதன்பிறகு என் அளவுகள் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போயின.

சரி, ஊக்கியைக் கூட்டினால்? அடுத்த புட்டியில் மூன்று மடங்கு, அதாவது 1.5 மில்லி கந்தக அமிலம். ஆறு மணி நேரத்திலேயே அளவு நிலைத்துவிட்டது. வேகம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் நின்ற இடம் 7.4. முந்தையது 6.4 அல்லவா, ஒரு மில்லி கூடுதல். ஊக்கி கூடினால் எஸ்டர் குறைகிறதோ என்று மறுபடி ஒரு குழப்பம். இந்த முறை விடை சீக்கிரம் கிடைத்தது: 0.6ஐக் கழித்திருந்தேன். இந்தப் புட்டியில் ஊக்கியின் பங்கு 1.8. கழித்தால் 5.6. இந்தக் கலவையின் தொடக்க அளவு 16.9. மறுபடியும் அதே மூன்றில் ஒரு பங்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு புட்டிக்கும் ஊக்கியின் பங்கைச் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை, 10 மில்லி விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். இந்த அளவில் கலவை நன்றாகச் சூடேறும். பனித்தொட்டியில் வைத்து முக்கால் மணி நேரம் எடுத்துத்தான் சேர்க்க முடிந்தது. அளவு 14.6. ஊக்கியின் பங்கு 10.6. மிச்சம் 4.0. அப்படியானால் எஸ்டர் 73 விழுக்காடு! ஒரு வாரம் முழுக்க, சமநிலையைத் தாண்டிவிட்டேன் என்றே நம்பினேன்.

யோசிக்க யோசிக்க அந்த நம்பிக்கை கரைந்தது. இவ்வளவு கந்தக அமிலம் சும்மா நின்று வேகத்தை மட்டும் கூட்டுவதில்லை. உண்டாகும் நீரை அது தன்னோடு கட்டிப்போடுகிறது. நீர் குறைந்தால் வினை முன்னே நகரத்தான் செய்யும். அதுமட்டுமல்ல, அமிலத்தில் ஒரு பகுதி எத்தனாலோடு சேர்ந்து எத்தில் ஹைட்ரஜன் சல்பேட்டாக மாறும், அப்போது அது சாப்பிடும் காரமும் குறையும். நான் கண்ணை மூடிக்கொண்டு 10.6 கழித்ததே தவறு. கழிக்கும் எண் அளக்கும் எண்ணைவிட இரண்டரை மடங்கு பெரிதாக இருந்தால் அந்த 4.0ஐ நம்ப வழியில்லை. அந்த அளவில் கந்தக அமிலம் வினையூக்கி என்ற இடத்தை விட்டு வினைபடுபொருள் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழிக்கவில்லை. இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த புட்டி அதுதான்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த தலைகீழ்ப் புட்டி. எத்தில் அசிட்டேட் 44.05 கிராம், நீர் 9.0 கிராம், இரண்டும் அரை மோல், அதே அரை மில்லி கந்தக அமிலம். ஊற்றியதும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. மேலே எஸ்டர், கீழே நீர். அமிலம் பெரும்பாலும் கீழ் அடுக்கில். முதல் நாள் மேல் அடுக்கில் மாதிரி எடுத்தேன், காரம் ஏறக்குறைய போகவே இல்லை. கீழ் அடுக்கில் எடுத்தேன், மிக அதிகமாகப் போனது. இரண்டுமே பயனற்ற எண்கள். இரண்டு அடுக்கு இருக்கும்வரை மாதிரி எடுப்பதில் பொருளே இல்லை என்று உணர்ந்து, காலையும் மாலையும் புட்டியைப் பத்து நிமிடம் குலுக்குவது மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

கீழ் அடுக்கு நாளுக்கு நாள் மெலிந்தது. எஸ்டர் பிளந்து எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் உண்டாக உண்டாக, அவை இரண்டு அடுக்கையும் ஒன்றோடொன்று கரையவைக்கின்றன. ஒருநாள் காலையில் குலுக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டையே காணோம். ஒரே தெளிந்த திரவம். அந்தக் காட்சிக்காகவே இந்தப் புட்டியை யாரும் ஒருமுறை செய்து பார்க்கலாம். அதன்பின் நான்கு நாள் விட்டு அளந்தேன்: 6.3. மறுநாளும் 6.3. ஊக்கியின் பங்கு 0.6 போக 5.7. அமிலமும் ஆல்கஹாலும் மட்டுமே இருந்த புட்டி 17.2இலிருந்து இறங்கி 5.8க்கு வந்தது. அசிட்டிக் அமிலமே இல்லாத புட்டி சுழியிலிருந்து ஏறி 5.7க்கு வந்தது. அதே ஊக்கி, அதே அளவு, எதிரெதிர்த் திசைகள். ஊக்கி முன்னே போகிறவனுக்கு மட்டும் பாதை போட்டுக்கொடுத்திருந்தால் இந்தப் புட்டி ஏன் இவ்வளவு தூரம் வந்திருக்கவேண்டும்? பள்ளி நாளிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

நடுவில் அவசரப்பட்டு 60 டிகிரியில் ஒரு புட்டி வைத்தேன். மின் அடுப்பின்மேல் வெந்நீர்த் தொட்டி, புட்டிக்கு ரப்பர்த் தக்கை. ஒரு மணி நேரத்தில் அறை முழுக்க எஸ்டரின் பழ வாசனை. வாசனை வருகிறது என்றாலே பொருள் போகிறது என்றுதான் அர்த்தம். நிறுத்துப் பார்த்தேன், 1.4 கிராம் காணவில்லை. எஸ்டர் 77 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பவை, அசிட்டிக் அமிலம் 118இல்தான் கொதிக்கும். ஆகவே தப்பிப்போனது பெரும்பாலும் முதல் இரண்டும்தான், அமிலம் உள்ளேயே தங்கி அளவைக் கூட்டிக் காட்டியது. மறுமுறை குடுவைக்கு நேர்மேலே நீர் ஓடும் குளிர்விப்பான் பொருத்திச் செய்தேன். ஒரு மணி நேரத்தில் 6.4. இந்த வினை வெப்பத்தை வெளியிடுவதும் ஏற்பதும் மிகக் குறைவு என்பதால் சூடேற்றியும் நிற்கும் இடம் மாறவில்லை.

எஸ்டரை உண்மையிலேயே கூட்ட வேண்டுமென்றால் ஊக்கியைத் தொடக்கூடாது, கலவையைத்தான் தொடவேண்டும். அரை மோல் அமிலத்துக்கு ஒன்றரை மோல் எத்தனால் ஊற்றினேன், அதே அரை மில்லி கந்தக அமிலம். இங்கே அமிலம் நீர்த்துப்போவதால் 1 மில்லி மாதிரி போதாது, 5 மில்லி எடுத்தேன். தொடக்க அளவு 42.8, முடிவில் ஊக்கியின் 1.5 போக 4.2. அதாவது 90 விழுக்காடு எஸ்டர். கூடுதலாக ஆன செலவு 58 மில்லி எத்தனால்.

ஊக்கியே விடாத புட்டிக்கு வருகிறேன். அதை முதல் வாரமே கலந்து, மூடியைச் சுற்றி பாரஃபின் படலம் இழுத்துக் கட்டி, மொத்த எடையைச் சீட்டில் எழுதி, வெயில் படாத மூலையில் வைத்தேன். அறை வெப்பநிலை பெரும்பாலும் 27, 28 டிகிரி. முதல் நாள் 17.2இலிருந்து 16.6. ஒரு மாதத்தில் 8.9. இங்கே நான் கொஞ்சம் ஏமாந்தேன், இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று எண்ணினேன். இறங்க இறங்க மெதுவானது. ஆறு மாதத்தில் 6.8. ஓர் ஆண்டில் 6.1. மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். எடுத்த மாதிரியைத் தவிர வேறு எதுவும் குறையவில்லை. கண்டிப்பாகச் சொன்னால் இதுவும் முழுக்க ஊக்கி இல்லாத புட்டி அல்ல. அசிட்டிக் அமிலமே கொஞ்சம் ஊக்கியாக வேலை செய்கிறது. அப்படியிருந்தும், பத்துச் சொட்டு கந்தக அமிலம் இரண்டு நாளில் முடித்ததை இது ஒன்றரை ஆண்டில் முடித்தது. 5.9க்கும் 5.8க்கும் உள்ள வேறுபாடு என் பியூரெட்டின் ஒரு கோடு.

மொத்தத்தில் செலவானது: அசிட்டிக் அமிலம் சுமார் 230 மில்லி, எத்தனால் 290 மில்லி, கந்தக அமிலம் 15 மில்லிக்குள், காரக் கரைசல் ஒன்றரை லிட்டர். பாதி, தவறுகளுக்குப் போனது.

மறுபடி செய்தால் இரண்டு மாற்றங்கள். ஒன்று, மாதிரியைக் கன அளவில் எடுக்காமல் எடையில் எடுப்பேன். ஊக்கி சேரும்போது கன அளவு மாறுவதால் வந்த திருத்தக் கணக்குகள் பாதி குறைந்துவிடும். இரண்டு, கந்தக அமிலத்துக்குப் பதில் திண்ம அமிலப் பிசின் மணிகள். நீர் சுத்திகரிப்பில் பயன்படும் அயனிப் பரிமாற்றப் பிசினின் அமில வகை அது. மணிகள் அடியில் தங்கிவிடும், மேலே உள்ள திரவத்தை மட்டும் எடுத்துத் தரம்பார்க்கலாம், ஊக்கியின் பங்கு என்று கழிக்க எதுவும் இருக்காது. ஆனால் அந்த மணிகள் பெரும்பாலும் ஈரமாகத்தான் வரும். எத்தனாலில் பலமுறை கழுவி, உலர்த்திவிட்டுத்தான் போடவேண்டும். நீர் விஷயத்தில் ஒருமுறை பட்டது போதும்.

இன்னும் ஒரு புட்டி பாக்கி. எஸ்டரும் நீரும், ஊக்கி இல்லாமல். இதை முன்பே வைத்திருக்கவேண்டும். போன வாரம்தான் கலந்தேன். இரண்டு அடுக்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கலக்கும் முன் எஸ்டரில் மட்டும் 1 மில்லி எடுத்து அளந்தபோது 0.1 மில்லி காரத்துக்குள்ளேயே நிறம் வந்துவிட்டது. சீட்டில் தேதியும் எடையும் எழுதி, பழைய புட்டி இருந்த அதே மூலையில் வைத்திருக்கிறேன்.